புலி கிடைக்காது, அழுங்காமை கிடைக்கலாம்: மலாக்காவில் விலங்கு பார்க்கப் போவது எப்படி?

மலாக்கா மாநிலச் சின்னத்தை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கீங்களா? நடுவில் ஒரு மரம், ஐந்து கிரிஸ் கத்திகள், இரண்டு பக்கமும் இரண்டு குட்டி விலங்குகள். மரம் வேறொன்றுமில்லை, நம்ம பெருநெல்லி. மலாயில் அதற்குப் பெயரே மலாக்கா மரம். அந்த விலங்குதான் காஞ்சில், தமிழில் சருகுமான். மரத்தடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பரமேஸ்வராவின் வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளியது, அந்தத் துணிச்சலைப் பார்த்து அவர் அங்கேயே ஊரை அமைத்தார் என்பது கதை.

பள்ளியில் 'சாங் காஞ்சில்' கதை படிச்சிருப்பீங்க. 1994-ல் வந்த பெரோடுவா காஞ்சில் கார் உங்க வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். ஆனால் உயிரோடு, காட்டில், ஒரு நிஜக் காஞ்சிலைப் பார்த்தவர்கள் உங்க நண்பர்களில் எத்தனை பேர்?

விடுமுறைக்கு 'வைல்ட்லைஃப் டிரிப்' போகலாம் என்றால் நம்ம மனசில் முதலில் வருவது புலி, யானை, ஓராங் ஊத்தான். அதில் தப்பில்லை. ஆனால் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்ப மலேசியக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு. தாமான் நெகாராவில் பத்து நாள் தங்கினாலும் அநேகமாகக் காலடித்தடம்கூடக் கண்ணில் படாது. அதே நேரத்தில் மலாக்கா ஊரிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில், உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு கடலாமை கரையேறி முட்டையிடுகிறது. அதைப் பற்றிக் கேள்விப்படாமலே மலாக்காவில் வளர்ந்தவர்கள் நிறைய பேர்.

ஒரு பெயர், இரண்டு விலங்குகள்

தமிழில் எறும்புத்தின்னிக்கு அழுங்கு என்று ஒரு பழைய பெயர் உண்டு. சில ஊர்களில் அலங்கு, அலுங்கு என்பார்கள். மலாயில் தெங்கிலிங். உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கடலோர மீனவர்கள் ஓர் ஆமையையும் இதே பெயரால் அழைக்கிறார்கள்: அழுங்காமை. அதன் முதுகோட்டின் தகடுகளும் அதே மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பவைதான். மலாயில் அதற்குப் பெயர் பென்யூ காரா. பென்யூ சிசிக் என்றும் சொல்வார்கள். சிசிக் என்றால் செதில். இரண்டு மொழியும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கின்றன.

அந்த ஓடும் அந்தச் செதிலும் கெரட்டின் என்ற பொருளால் ஆனவை. உங்க நகமும் முடியும் அதேதான். ஆனால் அந்தக் கெரட்டினுக்காகத்தான் இரண்டையும் மனிதர்கள் கொன்று தீர்த்தார்கள். ஆமையோட்டில் சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி செய்தார்கள். அழுங்குச் செதிலை மருந்து என்று அரைத்தார்கள். அது எந்த நோயையும் குணப்படுத்துவதாக நிரூபணம் இல்லை. இரண்டுமே இன்று ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் 'மிக ஆபத்தான நிலை' என்ற வகையில் இருக்கின்றன. அழுங்காமை 1996-லேயே அதில் சேர்ந்துவிட்டது. நம்ம காட்டு அழுங்கு 2014-ல் சேர்ந்தது. இரண்டும் மலாக்காவோடு தொடர்புடையவை.

பாடாங் கெமுந்திங்கில் என்ன நடக்கிறது?

மஸ்ஜிட் தானாவைத் தாண்டி பெங்காலான் பாலாக் பக்கம் போனால் பாடாங் கெமுந்திங் கடற்கரை வரும். அங்கே மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு, தகவல் மையம் இருக்கிறது. இந்தக் கரையோரம் தீபகற்ப மலேசியாவிலேயே அழுங்காமைகள் அதிகமாக முட்டையிடும் பகுதி. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சபாவின் ஆமைத் தீவுகளுக்கு அடுத்தது. ஆண்டுக்குச் சில நூறு கூடுகள் கிடைக்கின்றன. சுற்றுலா விளம்பரங்களில் பார்த்தால் மலாக்கா என்றாலே ஏ ஃபமோசாவும் ஜோங்கர் ஸ்திரீட் செண்டோலும்தான். இது எங்கேயும் வராது.

ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பெண் ஆமைகள் கரைக்கு வரும். எல்லாம் ராத்திரியில்தான். பச்சை ஆமை மாதிரி இது திறந்த மணலில் குழி தோண்டுவதில்லை. கொஞ்சம் மேலே ஏறி, செடி கொடிகளின் அடியில் இடம் தேடும். குழி தோண்டி, நூறுக்கு மேல் முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கவனிக்க வேண்டிய கட்டம், முட்டையிடத் தொடங்குவதற்கு முந்திய நேரம். அப்போது கரையில் ஒரு டார்ச் அடித்தாலோ, யாராவது எழுந்து நடந்தாலோ, ஆமை அப்படியே திரும்பிக் கடலுக்குப் போய்விடும். வயிற்றில் முட்டையோடு.

முட்டைகள் பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். மணல் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். அதனால்தான் பொரிப்பகங்களில் சில இடங்களில் கூடுகளுக்கு மேல் நிழல் வலை கட்டுகிறார்கள். வெளியே வரும் குஞ்சு, எது பிரகாசமோ அதுதான் கடல் என்று நம்பி அந்தத் திசையில் ஓடும். விளக்கு இல்லாத கடற்கரையில் இந்தக் கணக்கு சரியாக வரும். வரிசையாகச் சாலட் விளக்குகள் எரியும் கரையில் குஞ்சு சாலையைப் பார்த்து ஓடும்.

இப்போ உங்களுக்கு இருபது வயது என்று வைத்துக்கொள்வோம். இன்றிரவு கடலுக்குள் போகும் ஒரு பெண் குஞ்சு பிழைத்தால், முட்டையிடும் வயதை எட்டி இந்தப் பகுதிக்குத் திரும்பி வரும்போது நீங்க நாற்பதைத் தாண்டியிருப்பீங்க. அதற்கு இருபதிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். ஆயிரத்தில் ஒன்றுதான் அந்த வயது வரை வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மையத்தைப் பகலில் போய்ப் பார்ப்பது சுலபம். இரவுக் காவலோடு சேர்ந்து கரைக்குப் போக விரும்பினால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க. ஆமை வரும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அதிகாலை மூன்று மணி வரை மணலில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் பார்க்காமல் திரும்புவதும் இந்தப் பயணத்தில் ஒரு பகுதிதான்.

தீவின் மணல் எங்கே போனது?

மலாக்கா ஊருக்கு எதிரே, கிளேபாங் பக்கத்தில் கடலில் ஒரு சின்னத் தீவு தெரியும். பூலாவ் ஊப்பே. ஒரு காலத்தில் அழுங்காமைகளுக்கு இந்த மாநிலத்தின் முக்கியமான கரை அதுதான். டபிள்யூ.டபிள்யூ.எஃப். மலேசியாவும் மீன்வளத் துறையும் மலாக்கா ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, அவை முட்டையிட்ட பிறகு தெற்கே நீந்தி, சிங்கப்பூருக்கு அப்பால் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்குப் போவது தெரிந்தது. அங்குள்ள பவளப்பாறைகளில் கடற்பஞ்சுகளைத் தின்று வாழ்கின்றன. சாப்பாடு ஒரு நாட்டில், பிரசவம் இன்னொரு நாட்டில்.

2014-ல் மலாக்கா கேட்வே திட்டம் தொடங்கப்பட்டு, எதிர்க்கரையில் கடலுக்குள் மண் கொட்டி நிலம் உருவாக்கும் வேலை நடந்தது. அதன் பிறகு தீவின் மணற்கரை அரித்துப்போனதையும், கூடுகள் குறைந்துபோனதையும் ஆமைப் பாதுகாப்பு அமைப்புகள் வெளிப்படையாகவே சுட்டிக்காட்டின. ஆமை முட்டையிட மணல் வேண்டும். மணல் வந்து சேர நீரோட்டம் வேண்டும். நீரோட்டத்தின் பாதையில் நிலத்தை உண்டாக்கினால் மணல் வேறெங்கோ போகும். இதைப் புரிந்துகொள்ள கடலியல் பட்டம் தேவையில்லை.

நம்ம அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், மாநில அரசுகளின் அதிகாரப் பட்டியலில், ஆமைகள் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. புலி ஒரு விதம், ஆமை ஒரு விதம். அதனால் ஆமை முட்டை விற்பனைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். திரங்கானு 2022-ல்தான் எல்லா ஆமை இனங்களின் முட்டை விற்பனையையும் தடை செய்தது. அதற்குள் அங்கே ரந்தாவ் அபாங் கரையின் கதை முடிந்துபோயிருந்தது. 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை இருந்த தோணியாமை, இன்று வந்தால் செய்தியாகும் அளவுக்கு அரிது. முட்டை எடுத்ததும் மீன்வலைகளும்தான் முக்கியக் காரணம். ஆனால் அந்தக் கரையில் சுற்றுலாவும் சும்மா இருக்கவில்லை. வெளிச்சம் அடித்தார்கள், கூச்சல் போட்டார்கள், முட்டையிடும் ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தார்கள். 'பார்க்கப் போனோம்' என்பது எப்போதும் நல்ல செயல் அல்ல.

தோட்டத்தில் என்ன இருக்கிறது?

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்காவில்தான். 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் போட்டார். நம்மில் பலருடைய குடும்பக் கதை அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தின் லயன் வீட்டில்தான் தொடங்குகிறது. விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு இரவு விலங்குகள் நன்றாகவே தெரியும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிறகு துண்டு துண்டாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் அறுந்துபோனது. விலங்குகள் முழுசாகப் போய்விடவில்லை.

தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்க. 'காட்டில் என்ன பார்த்தீங்க?' என்று பொதுவாகக் கேட்டால் பாம்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மூசாங் பார்த்தீங்களா, அது செம்பனைப் பழம் தின்னுமா, அழுங்கு சுருண்டு உருண்டையாவதைப் பார்த்தீங்களா, உடும்பை எப்படிப் பிடிப்பாங்க என்று தனித்தனியாகக் கேளுங்க. பிடித்துச் சமைத்த கதையும் வரும். முகம் சுளிக்காமல் கேளுங்க. சம்பளம் பத்தாத வீடுகள் அவை.

மூசாங், அதாவது மரநாய், இன்றும் செம்பனைத் தோட்டத்தில் சாதாரணம். வீட்டுக் கூரைக்குள்ளும் வந்து தங்கும். பண்டான் இலை வாசம் அடிப்பதாகச் சொல்லி மலாயில் இதற்கு மூசாங் பண்டான் என்றே பெயர். இரவில் எங்கோ பண்டான் வாசம் வந்தால் பலகாரம் செய்கிறார்கள் என்று மட்டும் நினைக்காதீங்க, மேலேயும் பாருங்க.

இன்னொன்று கூகை. இதயம் போன்ற வெள்ளை முகம் கொண்ட ஆந்தை. எலிகளைப் பிடிப்பதற்காகவே பல செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி பொருத்தி இதைக் குடிவைக்கிறார்கள். ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்குப் பல நூறு எலிகளைத் தீர்த்துவிடும். மலாயில் ஆந்தைக்கு பூரோங் ஹந்து, பேய்ப்பறவை. நம்மிலும் ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்பார்கள். தோட்ட நிர்வாகத்துக்கோ அது சம்பளம் கேட்காத வேலைக்காரன். எலிக்கு வைக்கும் கடுமையான விஷம் எலி வழியாக ஆந்தைக்கும் போய்ச் சேர்கிறது என்பதை மலேசிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பெட்டி வைத்துவிட்டு விஷமும் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

தோட்டம் தனியார் நிலம். மாலை ஆறரை மணிக்கு நண்பர்களோடு மோட்டாரில் உள்ளே நுழைந்தால் செம்பனை திருட வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆபீஸில் கிராணியிடமோ மேனேஜரிடமோ முதலில் அனுமதி கேளுங்க. பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்க. எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும்.

அழுங்கைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: பார்க்க முடியாது. செம்பனைத் தோட்டங்களிலும் அது நடமாடுவது பதிவாகியிருக்கிறது, ஆனால் அது தனியாக, சத்தமில்லாமல், நடு ராத்திரியில் திரியும் விலங்கு. உடைக்கப்பட்ட கரையான் புற்று, நகம் பட்ட மண், அவ்வளவுதான் கிடைக்கும். காசு கொடுத்தால் அழுங்கு காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அது எங்கோ கூண்டில் இருக்கிறது என்று அர்த்தம். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, அதற்கு முழுப் பாதுகாப்பு தருகிறது. 2022 திருத்தத்தில் தண்டனைகள் இன்னும் கூடின.

காட்டுக்கே போகாமல் பார்க்க முடியுமா?

முடியும். மலாக்கா ஆற்றுப் படகில் ஏறுங்க. எல்லாரும் சுவர் ஓவியங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்க கரையோரக் கற்களைப் பாருங்க. பியாவாக், நம்ம உடும்பின் பெரிய தண்ணீர்ச் சொந்தக்காரன், வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வளர்ந்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். டிக்கெட் விலையில் இதுவும் அடக்கம்.

மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவான் போங்க. நில வரைபடத்தில் இது போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில், நெகிரி செம்பிலானுக்குள் இருக்கிறது, ஆனால் மலாக்காவைச் சேர்ந்த நிலம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நின்றால் எதிரே சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். மலாக்கா நீரிணையைப் பருந்துகள் கடக்கும் குறுகிய இடம் இது. குளிர்காலத்தை இந்தோனேசியாவில் கழித்த தேன்பருந்துகள் சைபீரியா, ஜப்பான் பக்கம் திரும்பும்போது இங்கேதான் கரை தொடும். பருந்து சிறகடித்துப் பறப்பதைவிட, தரையிலிருந்து எழும் சூடான காற்றில் மிதந்து போகவே விரும்பும். கடல்மேல் அந்தச் சூடான காற்று கிடைக்காது. அதனால் இங்கே வந்து சேரும்போது களைத்துப்போய்த் தாழப் பறக்கும். நிழல் உங்கமேல் விழும் அளவுக்குக்கூட. அதிகாலையில் எழுந்து ஓடவேண்டியதில்லை, பதினொரு மணிக்கு மேல் மூன்று மணி வரைதான் நல்ல நேரம். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ராப்டர் வாட்ச் என்ற நிகழ்ச்சியை இங்கே நடத்திவருகிறது. இரவில் கண் விழிக்க முடியாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

எந்தப் பயணத்தை வேண்டாம் என்று சொல்லணும்?

ஆமைக்குஞ்சு விடும் நிகழ்ச்சி என்று விளம்பரம் வரும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குஞ்சு எப்போ பொரிஞ்சது? பொரித்து வெளிவந்த முதல் சில மணி நேரம் குஞ்சு வெறித்தனமாக நீந்தும். கரையோர மீன்களைத் தாண்டிப் போக அதற்கு இருக்கும் சக்தி அவ்வளவுதான். விருந்தினர் வசதிக்காக நாள்கணக்கில் தொட்டியில் வைத்து, பகல் வெயிலில் விட்டால் அந்தச் சக்தி தொட்டியிலேயே தீர்ந்திருக்கும். அன்றைக்கே, இருட்டில் விடுகிறார்கள் என்றால் போங்க. கையில் எடுத்துச் செல்ஃபி எடுக்கலாம் என்றால் வேண்டாம்.

தேவாங்கோடு படம் எடுக்கும் கடைகளும் அப்படித்தான். நம்ம ஊர்த் தேவாங்கு, மலாயில் கொங்காங், கடித்தால் விஷம் ஏறும் குரங்கினச் சொந்தம். அதனால் படத்துக்கு வைத்திருப்பவர்கள் பல்லைப் பிடுங்கிவிடுவது உண்டு. பகல் வெளிச்சத்தில் அது கண்ணை அகல விரித்து விழிப்பது நமக்கு அழகாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் இதன் ஒல்லியான உறவினருக்காகவே 2022-ல் கடவூர்த் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு விலங்குக்கு ஒரு சரணாலயமே கிடைத்தது. பெயர் தெரியாத விலங்குக்கு யாரும் காடு ஒதுக்குவதில்லை, கடவூர் மக்களுக்கு அதன் பெயர் தெரிந்திருந்தது.

அப்போ காஞ்சில்?

சருகுமான் இரண்டு கிலோ எடை, பென்சில் மாதிரி கால்கள். மான் என்று சொன்னாலும் உண்மையான மான் இல்லை. கொம்பு கிடையாது, ஆணுக்கு வாயோரம் இரண்டு சின்னக் கோரைப்பல் நீட்டியிருக்கும். பயந்தால் பின்கால்களால் தரையில் வேகமாகத் தட்டும். அந்திநேரத்திலும் இரவிலும்தான் நடமாட்டம். தாழ்நிலக் காடு இருக்கும் இடத்தில், குனோங் லேடாங் அடிவாரம் மாதிரியான பகுதிகளில், உரிமம் உள்ள வழிகாட்டியோடு இரவு நடைக்குப் போங்க. தாமான் நெகாராவுக்கே போவதாக இருந்தால் கோலா தாஹானில் தங்குமிடங்களைச் சுற்றியே தேடலாம்.

டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்க. வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே அடிக்காமல் தரையோடு ஓட்டிக்கொண்டே போங்க. தாழ்வாக ஒரு ஜோடிக் கண் மின்னினால் நடையை நிறுத்துங்க. நீங்க அசையாமல் இருந்தால் அதுவும் சில நொடிகள் அசையாது. போன் கேமராவில் ஒன்றும் வராது. எட்டு மடங்கு பெரிதாக்கும் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

பார்த்ததை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவு செய்யலாம். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்துவிடும். இன்ஸ்டாகிராம் மறைக்காது. அழுங்கின் புற்றையோ ஆமைக் கூட்டையோ இடக்குறியோடு போட்டால், அதைப் பார்ப்பவர்களில் வேட்டைக்காரர்களும் இருப்பார்கள். அதே செயலியில் விலங்குகளுக்குத் தமிழ்ப் பெயரும் சேர்க்கலாம். தாத்தா வாயால் வந்த பெயர் ஏதாவது அதில் இல்லையென்றால், எந்தத் தோட்டத்தில் அப்படிச் சொன்னார்கள் என்ற குறிப்போடு நீங்களே போட்டுவிடுங்க.